மணல் போட்டு மூடிய குழி

யுத்த காலத்தில் ஆறுமுகநேரியிலிருந்து என் கடைக்கு உப்பு கொண்டுவந்த வண்டிக்காரர் அவர். தன் ஊர்த் திருப்பம் வந்ததும் இறங்கி, மாடுகளைக் கையில் பிடித்தே நடத்துவார். குழியில் வண்டி கவிழ்ந்து அவர் தம்பி செத்தது அங்கேதான்.

ரோட்டைச் சீராக்க மானியம் கேட்டு இருவரும் ஜில்லா போர்டுக்கு நடையாய் நடந்தோம். ஒருவழியாக இஞ்சினியர் பார்வையிட வந்தார். அன்று விடியுமுன்பே ஊர் கூடிக் குழிகளை மணலால் மூடி, பனையோலை பரப்பியிருந்தது.

"ரோடு நல்லாத்தானே இருக்கு" என்று இஞ்சினியர் திரும்பிப் போய்விட்டார்.

"குழிய ஏன்வே மூடுனீரு?" என்று வண்டிக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

"ஊருக்கு வந்த பெரிய மனுசனுக்குக் குழியவா காட்டுவாக, அண்ணாச்சி?"

அடுத்த மழையில் மணல் போயிற்று. அவர் பழையபடி இறங்கி நடந்தார். ஒரே காலையில் மூட முடிந்த குழியைத் தம்பி இருந்தபோது ஏன் மூடவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.