செஞ்சியில் வாடகைக்கு ஒரு வீடு

காலை 6.40. புதுச்சேரி பஸ் நிலையம்.

திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறிச் செஞ்சிக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். ஆறு ரூபாய். திண்டிவனம் வரை முப்பத்தெட்டு கிலோமீட்டர், அங்கிருந்து செஞ்சிக்கு இருபத்தெட்டு. 1986, மே மாதம், சனிக்கிழமை. கோட்டை பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர்க் கூஜாவும் புளிசாதப் பொட்டலமும் எடுத்துப் போவார்கள். என் பையில் இருந்தவை ஓர் இஞ்ச் டேப்பும் டார்ச் விளக்கும்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி சரோஜாவுக்குச் செஞ்சியில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுத்தால் அடுத்த முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் வேலையோ புதுச்சேரியில். செஞ்சியில் குடியிருந்துகொண்டு நான் தினமும் பஸ்ஸில் போய்வர முடியுமா, அங்கே நம்பிக் குடிபோகத் தக்க வீடு கிடைக்குமா என்று பார்த்துவர வேண்டியது என் பொறுப்பு. கிளம்பும்போது சரோஜா சொன்னாள்: “வேண்டாம்னா காரணத்தோட வாங்க. சந்தேகத்தோட வராதீங்க.”

நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தச் செஞ்சிப் பள்ளி மூலம் கிடைத்த வீட்டுத் தகவலே சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது. இரண்டு அறை, சமையல்கட்டு, கிணறு, மின்சாரம், பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். வாடகை நூற்றிருபது ரூபாய். புதுச்சேரியில் நாங்கள் இருக்கும் ஒண்டுக்குடித்தனத்துக்கே இருநூற்றைம்பது கொடுக்கிறோம். குறைந்த வாடகைக்கு ஒரு காரணம் இருக்கும் என்பது என் கொள்கை.

காலை 8 மணி. திண்டிவனம்.

பக்கத்து பஸ்ஸின் கண்டக்டர் “விலுப்புரம், விலுப்புரம்” என்று கூவிக்கொண்டிருந்தார். லுங்கி மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் ஏறி, மூட்டையை என் காலடியில் தள்ளிவிட்டு அருகில் உட்கார்ந்தார். செஞ்சி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவராம்.

“கோட்டை பாக்கவா சார்?”

“இல்ல, வீடு பாக்க.”

அவர் முழுவதுமாக என் பக்கம் திரும்பினார். “ஆரு வூடு?”

“வேணுகோபால் செட்டியார் வீடு. மளிகைக்கடை வச்சிருக்காராம்.”

“நம்ம செட்டியாரா! காலியா கெடக்குறது ஏலா வூடுதான். அதுக்கா போறீங்க?”

பஸ்ஸின் இரைச்சலில் ‘ஏல வூடு’ என்று என் காதில் விழுந்தது. நான் திடுக்கிட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. “அதுக்குத்தான்” என்று மட்டும் சொன்னேன். தெரிந்ததுபோல் இருந்தால்தான் மேலும் பேசுவார்கள்.

“ரெண்டு வருசத்துல மூணு குடித்தனம் மாறிப்போச்சி. யாராவது வந்தா போதும்னு இருக்காரு செட்டியாரு” என்றவர், வெற்றிலையைத் துப்ப ஜன்னல் பக்கம் சாய்ந்தார்.

ஏலம். மூன்று குடித்தனம். யாராவது வந்தால் போதும். இருபுறமும் வேர்க்கடலைக் கொல்லைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் உருட்டி விட்டதுபோல் பாறைகள். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. கடனில் மூழ்கி ஏலத்துக்கு வரப்போகும் வீட்டில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஆள் வைக்கப் பார்க்கிறார் செட்டியார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

காலை 9.15. செஞ்சி.

டீ அறுபது பைசா. குடித்துக்கொண்டே கடைக்காரரிடம் என் பஸ்ஸைப் பற்றி விசாரித்தேன்.

“பாண்டிக்கு மொத பஸ்சு ஆறு மணிக்கு.”

“தினமும் நிச்சயமா வருமா?”

“வந்துடும்.”

“வரலேன்னா?”

“ரெண்டாவது பஸ்சு வந்துடும்.”

இதற்குமேல் அவரிடம் எதுவும் பெயரவில்லை.

செட்டியாருக்கு ஐம்பது வயதிருக்கும். சாவிக்கொத்தை எடுப்பதற்கு முன் என் பின்னால் எட்டிப் பார்த்தார். “டீச்சரம்மா வரலியா?”

“இல்ல. நான்தான் பார்த்துச் சொல்லணும்.”

“நீங்க இன்னா வேலை?”

“ஆபீஸ்ல கணக்குப் பிரிவு.”

அதன் பிறகு வழியெல்லாம் அவர் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். அதையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

பஜாரைத் தாண்டி, குன்றின் பாறை வந்து முடிகிற இடத்தில் ஒரே வரிசையாக ஓட்டு வீடுகள். எண்ணினேன், ஏழு. எல்லாம் செட்டியாருடையவை. காலியாக இருந்தது கடைசி வீடு. ஓட்டின்மேல் முட்கிளைகளைப் பரப்பியிருந்தார்கள். சமையல்கட்டு ஜன்னலுக்குக் கம்பிவலை, உட்புறம் இரண்டு கொக்கிகள்.

“திருட்டு பயம் உண்டா?”

“செஞ்சில திருடனா! சும்மா ஒரு காபந்துக்கு” என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

டார்ச் அடித்து மூலைகளைப் பார்த்தேன். டேப்பை எடுத்து அறையை, வாசற்படியை, ஜன்னலை அளந்தேன். அடுத்த வீட்டு வாசலில் நின்ற பெண் உள்ளே பார்த்து, “அளக்குறாங்கடி!” என்று குரல் கொடுத்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“எதுக்கு சார் அளவு?” என்றார் செட்டியார்.

“பீரோ வைக்க.”

“பீரோவ சன்னல் வழியாவா உள்ள ஏத்துவீங்க?”

திரைச்சீலைக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பேச்சை மாற்றுவதாகத் தோன்றியது. நேராகவே கேட்டுவிட்டேன்.

“ஏலம் எப்போ?”

சாவிக்கொத்தின் ஓசை நின்றது. “இன்னா ஏலம்?”

“இந்த வீட்டு ஏலம். பஸ்ஸிலேயே பேசிக்கறாங்க.”

அவர் என் பையைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். “எந்த பாங்கு சார் உங்கள அனுப்புச்சி?”

“அப்போ பாங்குல கடன் இருக்கு?”

“கடனில்லாத யாவாரி எவன் சார்? வூட்டு மேல ஒரு காசு கெடையாது!”

சாத்திய கதவு மறுபடி திறந்திருந்தது. “செட்டியாரு வூடு ஏலமாம்” என்ற சொல் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போவது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

“இது பஜாருக்குப் போச்சின்னா நாளைக்கு எவன் எனக்குக் கடனுக்கு மூட்டை எறக்குவான்?” செட்டியார் கதவை இழுத்துப் பூட்டினார். “ஆரு சொன்னது? ஆளக் காட்டுங்க.”

லுங்கி மூட்டைக்காரர் என்றேன். “காதர் பாயா!” என்று என் கையைப் பிடித்தவர் ஜவுளிக்கடை வரும்வரை விடவில்லை.

பாய் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“பாய், என் வூடு ஏலம்னு சொன்னியா?”

“அல்லா! நான் எங்க சொன்னேன்? சாரு வூடு பாக்கணும்னாரு. காலியா கெடக்குறது ஏலா வூடுன்னேன்.”

“பாருங்க, ஏல வீடுதானே?” என்றேன் நான்.

பாய் என் பக்கம் திரும்பினார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏலு. ஏலாம் வூடு சார்!”

கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ழகரத்தைச் சுத்தமாகச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. காலையில் ‘விலுப்புரம்’ காதில் விழுந்தபோதே விழித்திருக்க வேண்டும்.

செட்டியாருக்கு மூச்சு திரும்பி வந்தது. “டீச்சரம்மா உங்க காத ஒரு தரங்கூட திருவலியா சார்?”

நானும் சிரித்தேன். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. “மனசுல வெச்சிக்காதீங்க. வூடு குடுக்கறதுக்கு இல்ல. பாக்கும்போதே டேப்பும் டார்ச்சுமா இவ்ளோ கேள்வி. குடிவந்தா என்னக் கோர்ட்டுக்கு இலுப்பீங்க.”

என் சிரிப்பு நின்றது. காரணமும் இல்லாமல் வீடும் இல்லாமல் சரோஜாவின் முன் எப்படிப் போய் நிற்பது? செஞ்சியில் ஒரு கதவு என் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டால் மற்றக் கதவுகள் திறக்குமா என்பதும் சந்தேகம்தான்.

என் வேலை பாண்டியில் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பாய்தான் குறுக்கே வந்தார். “செட்டியாரே, இவுரு எங்க இங்க இருக்கப் போறாரு? இருட்டோட பஸ் ஏறுனா இருட்டுனப்புறந்தான் எறங்குவாரு. வூட்டுல இருக்கப் போறது டீச்சரம்மா.”

செட்டியார் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “அப்பிடின்னா சாவி டீச்சரம்மா கையிலதான். அட்வான்சும் அவுங்க கையாலதான். இவுரு ராத்திரிக்கு வந்து போற விருந்தாளி. சம்மதமா?”

சம்மதம் என்றேன்.

மாலை 4.30. திரும்பும் பஸ்.

பக்கத்தில் முனுசாமி என்பவர். புதுச்சேரியில் ஓர் ஆலையில் ராத்திரி ஷிப்ட். செஞ்சியிலிருந்து பத்து வருடமாகப் போய்வருகிறாராம். எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

“பஸ்சுல தூங்கக் கத்துக்கிட்டா முடியும் சார். வழியில வர்ற மயிலம் எனக்குத் தெரியாது. அந்த இடத்துல நான் முலிச்சிருந்ததே இல்ல. நீங்க எந்த வூட்டுக்கு வரப் போறீங்க?”

இந்த முறை நான் அந்த ஊர் வழக்கப்படியே சொன்னேன். “ஏலாம் வூடு.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கொரங்கு எறங்குற வூடாச்சே! மலையிலேந்து நேரா அந்த ஓட்டு மேலதான் குதிக்கும். ஓட்டப் பிரிச்சி சோத்துப் பானைய தூக்கிடும். அதுக்குத்தான் முள்ளு போட்டு வெச்சிருக்காரு. பாக்கலியா?”

பார்த்தேன். முள்ளைப் பார்த்தேன், கம்பிவலையைப் பார்த்தேன், கொக்கி இரண்டு என்று எண்ணவும் செய்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஏலம் எப்போது என்று கேட்டேன்.

“டீச்சரம்மா தகிரியசாலியா சார்?”

“என்னைவிட.”

“அப்ப சரி. கொரங்கும் ஆளப் பாத்துத்தான் எறங்கும்.” சொல்லிவிட்டு அவர் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

மயிலம் தாண்டும்வரை நான் விழித்திருந்தேன். புதுச்சேரியில் நான்கு வருடமாக இருக்கிறோம். மாடி வீட்டுக்காரருக்கு என் பெயர் தெரியாது, எனக்கும் அவர் பெயர் தெரியாது. செஞ்சியில் ஒரு பகலுக்குள் ஏழு வீடும் ஒரு பஜாரும் என்னை எடைபோட்டு, விலையும் சொல்லிவிட்டன. இதில் எது நல்லது என்று தெரியவில்லை. எப்படியானாலும், மறுப்பதற்கு இப்போது என்னிடம் காரணம் ஒன்று இருந்தது.

கதவைத் திறந்த சரோஜா, “காரணமா, சந்தேகமா?” என்றாள்.

“காரணம்தான். வீட்டுக்குள்ள குரங்கு வருமாம்.”

“அவ்வளவுதானா?” அவள் மேஜையருகில் உட்கார்ந்து, சம்மதம் எழுதப் பேனாவைத் திறந்தாள். “இருபது வருஷமா ஆறாம் வகுப்பு எடுக்கறேன்.”