டம்ளர் தண்ணீரின் விலை

தொண்ணூறுகளில், அன்றாடப் பொருளாதாரத்தை எளிய தமிழில் பேசி பெங்களூரில் பெயர் வாங்கியவர் அவர். தடித்த கண்ணாடி, கஞ்சி போட்ட சட்டை. எங்கே பேசினாலும் முதலில் மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "இதோட விலை என்ன?" என்று கேட்பார்.

நான் ஏற்பாடு செய்த பொம்மனஹள்ளிக் கூட்டத்தில், கார்மென்ட்ஸில் தைக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள். "எங்களுக்கு ரொம்ப ஜாஸ்தி சார். குடிச்சா பாத்ரூம் போகணும். போனா டார்கெட் முடியாது. அதனால சாயங்காலம் வரைக்கும் நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அன்று முழுவதும் அதைத் தொடவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அடுத்த மாதம் ஆஸ்டின் டவுன் கூட்டத்தில் அவள் பதிலை அவள் குரலிலேயே நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அவர் டம்ளரை எடுத்து நிதானமாகக் குடித்தார். நானும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தேன்.