டாக்டருக்குக் கிடைக்காத வீடு

வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளைக்கு ஊரில் பாதிப் பேர் கும்பிடு போடுவார்கள், மீதிப் பேர் முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலத்தில், மலாக்கா டவுனில் ஒரு செட்டியாரிடம் நான் வேலை பார்த்தபோது நடந்தவை இவை.

வந்து கேட்டவர்

டாக்டர் அருளப்பன் சிங்கப்பூரில் படித்துவிட்டு, சிம்பாங் அம்பாட் பக்கம் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்த புதிது. குடியிருந்த குவாட்டர்ஸ் எஸ்டேட்டுடையது. தனக்கு ஏதாவது ஆனால் பெண்டாட்டி பிள்ளை தெருவில் நிற்குமே என்ற கவலை அவருக்கு. டவுனில் ஒரு பலகை வீடு விலைக்கு வந்தது. வெள்ளைக்காரன் பேங்கில் பாதி விலையைக் கையில் கொண்டுவரச் சொன்னார்கள். புது டாக்டரிடம் அவ்வளவு ஏது? எங்களிடம் வந்தார்.

வீட்டுப் பத்திரத்தையே அடமானமாக வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்தில் மாதாமாதம் கட்டுகிறேன் என்றார். "நாளைக்கு வேற எஸ்டேட்டுக்கு மாத்திட்டா போயிருவீகளே டாக்டரய்யா?" என்று செட்டியார் இழுத்தார். டாக்டர் சிரித்துவிட்டார்.

"நான் போனாலும் வீடு இங்கதான இருக்கும் செட்டியாரே?"

நான் பார்த்துவிட்டு வந்தது

கடன் கொடுக்குமுன் கணக்கப்பிள்ளை ஏதாவது சாக்குச் சொல்லி அந்த வீட்டுக்குப் போய் வருவது எங்கள் கடை வழக்கம். பார்க்கவேண்டியது வீட்டுக்காரம்மாவின் கழுத்தையும் காதையும். வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு போனேன். டாக்டரின் மனைவி ரெஜினா காப்பி கொடுத்தாள். கழுத்து வெறுங்கழுத்து. காதில் ஈர்க்குச்சி கூட இல்லை. அட, எல்லாவற்றையும் விற்றுத் தின்றுவிட்டார்கள் போலிருக்கிறதே என்று நானே முடிவுகட்டி, செட்டியாரிடம் வந்து சொன்னேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு!

"டாக்டர் வீட்டுலயே பொட்டுத் தங்கம் இல்லையா? அப்ப வேண்டாம்னு சொல்லிப்புடுங்க பிள்ளை."

டிரெஸ்ஸர் சொன்னது

மூன்றாம் நாள், அதே ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் சூசை கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக நகை விஷயத்தைக் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டதும் என் கெட்டிக்காரத்தனம் தெரிந்துவிட்டது. உடனே செட்டியாரிடம் ஓடியிருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் தள்ளினேன். அதற்குள் ஒரு சீனத் தவுக்கே, பெரிய கடை முதலாளி, அந்த வீட்டை வாங்கிவிட்டார். சூசை சொன்னது இவ்வளவுதான்:

"அவங்க சபையில பொம்பளைங்க நகையே போடமாட்டாங்க பிள்ளை. வேணான்னுதான் போடல, இல்லாம இல்லலா."

குவாட்டர்ஸ் காலி

இரண்டு வருஷம் கழித்து, தொழிலாளர் லயத்தில் பரவிய காய்ச்சல் டாக்டரையும் பிடித்தது. பத்தே நாளில் போய்விட்டார். புது டாக்டர் வருகிறார், மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும் என்று எஸ்டேட் ஆபீஸ் சொல்லிவிட்டது. துக்கம் கேட்கப் போனேன். ரெஜினா இடுப்பில் குழந்தையோடு தட்டுமுட்டுச் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவளே முந்திக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"வீடு கிடைக்காதது கர்த்தரோட சித்தம் அண்ணே. நீங்க மனசு சங்கடப்படாதீங்க."

தப்புச் செய்தவன் நான், அதற்கு ஜாமீன் நின்றவர் கர்த்தர். நானும் அந்த ஜாமீனை ஏற்றுக்கொண்டு, வண்டியில் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.