சந்தனம் பூசிய பென்டிரைவ்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி பிறந்த கையோடு குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை. சீசன் சனிக்கிழமையில் தென்காசிக்காரர்கள் யாரும் குற்றாலத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். நானோ கார்களுக்கும் வேன்களுக்கும் நடுவில் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் ஒருவரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால், முதல்முறையாக வீடு தேடி வந்த பெரிய வாய்ப்பு கைவிட்டுப் போய்விடும்.

நான் தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் வீட்டிலிருந்தபடியே சாஃப்ட்வேர் எழுதுகிறவள். எந்தக் கம்பெனியிலும் வேலை இல்லை. மருந்துக்கடை, அரிசி ஆலை என்று கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுப்பேன். அதில் எனக்கே மிகவும் பிடித்தது, குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்கு எழுதியது. ரூம் பதிவிலிருந்து பில் வரைக்கும் எல்லாம் அதில்தான். ஊரூராக விடுதிகளுக்கு சாஃப்ட்வேர் விற்கும் சென்னைக் கம்பெனி ஒன்று அதைப் பார்த்துவிட்டு, அப்படியே மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்றது. ஒப்பந்தமும் வந்துவிட்டது. அதில் ஒரு வரி: இது முழுக்க எனக்கே சொந்தம், வேறு யாருக்கும் இதில் உரிமை கிடையாது என்று நான் உறுதி கொடுக்க வேண்டும்.

அந்த வரியில்தான் வந்து மாட்டிக்கொண்டேன். அண்ணாச்சிக்கும் எனக்கும் நடுவில் எழுத்து என்று எதுவுமே இல்லை. வேலை முடிந்ததும் நல்ல நாள் பார்த்தார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். வெற்றிலை, பாக்கு, பழத்தோடு பென்டிரைவையும் தட்டில் வைத்து என் கையால் கொடுக்கச் சொன்னார். நான் வரிவரியாக எழுதிய மூல நிரல், அதாவது சோர்ஸ் கோட், மொத்தமும் அதில் இருந்தது. நானும் புடவை கட்டிக்கொண்டு போய்ப் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கோடு கைமாறிய பொருள் கொடுத்ததுதான், அதற்கு அப்பீல் கிடையாது. அன்றிலிருந்து அவர் எல்லோரிடமும் "என் சாஃப்ட்வேர்" என்றுதான் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

என் கணவர் போலீஸ். சீசன் பந்தோபஸ்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், "ஏட்டி, பேசாம கையெழுத்தப் போட்டு அனுப்பிரு. சென்னைலேருந்து எவன் வந்து அண்ணாச்சிட்ட கேக்கப் போறான்?" என்றார். போலீஸ்காரர் சொல்கிற யோசனையா இது என்று கிண்டல் செய்தேன். ஆனால் அந்த யோசனை எனக்கும் வராமல் இல்லை. கையெழுத்துக் கட்டத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோய் வைப்பதும் எடுப்பதுமாகவே காலைப்பொழுது போனது. எனக்குப் பொய் சொல்ல வராது என்பதல்ல, சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க வராது. அதனால்தான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

லாட்ஜில் கால்வைக்க இடமில்லை. மெயின் அருவியில் வெள்ளம் என்று சங்கு ஊதிக் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். எண்ணெய் வழியும் தலையோடு ஆட்கள் திரும்பி வந்து, ரூமை ரத்து செய்யச் சொல்லிக் கவுண்டரைச் சூழ்ந்து நின்றார்கள். அண்ணாச்சி எனக்கு ஒரு கையை மட்டும் ஆட்டினார். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தேன், வேண்டாத டீயைக் குடித்தேன். செல்போனில் சென்னைக் கம்பெனியிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ்.

கூட்டம் சற்று ஓய்ந்ததும், சாஃப்ட்வேரில் தனக்கு உரிமை இல்லை என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஆடி மாசம் கையெழுத்தா? பதினெட்டாம் பெருக்கு வரட்டும், பாப்போம். அது கெடக்கட்டும், வீட்டக் கட்டுன கொத்தனாரு சாவியக் குடுத்துட்டு, செவரு என்னுதுன்னு வந்து நிப்பானாம்மா?"

"கொத்தனாரு வீட்டத்தான குடுப்பாரு அண்ணாச்சி, சாந்துக்கரண்டியையுமா குடுப்பாரு?" என்றேன். என்ன இருந்தாலும் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அவர் சிரிக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னாலிருந்து அந்தப் பென்டிரைவை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். சந்தனம் காய்ந்து அதன் மேல் அப்பியிருந்தது. குளித்து உடை மாற்ற மட்டும் வருகிறவர்களுக்கு அரை நாள் ரூம் கணக்கு வைக்கலாம் என்று சொல்லித்தந்தது யார் என்று கேட்டார். அவர்தான். சென்னைக்காரர்கள் கண்டு மயங்கியதும் அதைத்தான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

பிறகுதான் அவருக்கு உள்ளூர இருந்த பயம் வெளியே வந்தது. எனக்கு முன்னால் வேறு யாரிடமோ ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார். நடு சீசனில், உரிமம் முடிந்தது என்று அது தானாகப் பூட்டிக்கொண்டதாம். ஈரத்துணியோடு பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு நிற்க, எந்த ரூம் காலி என்றுகூடத் தெரியாமல் மாடி மாடியாகக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

"நான் இன்னைக்கு எனக்கில்லன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு அவன் பூட்ட மாட்டாங்கறதுக்கு என்ன உறுதி? பூட்டுனா நீ வந்து தெறந்து குடுப்பியா?"

"நான் எழுதுனதுல்லா அண்ணாச்சி, கண்டிப்பா வருவேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் சந்தேகம் வந்தது. ஒப்பந்தத்தைச் செல்போனில் திறந்து மறுபடி படித்தேன். அதுவரை மற்றவர்களுக்கு உரிமை இல்லை என்கிற வரியையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தவள், விற்ற பிறகு எனக்கு என்ன இருக்கும் என்று பார்க்கவே இல்லை. ஒன்றுமே இல்லை. அவர்கள் அனுமதி இல்லாமல் நான் அந்த சோர்ஸ் கோடைத் திறக்கக் கூடாது, திருத்தக் கூடாது. நான் எழுதியதை நானே தொட்டால் குற்றம். பிள்ளையைத் தத்துக் கொடுக்க வந்துவிட்டு, போய்ப் பார்க்கலாமா என்று கடைசியில் கேட்கிற மாதிரி இருந்தது என் நிலைமை.

வாசலில் நின்று சென்னைக்குப் பேசினேன். விற்கவில்லை, பயன்படுத்த உரிமை மட்டும் தருகிறேன், அண்ணாச்சியின் லாட்ஜில் ஓடுவதை யாரும் நிறுத்தக் கூடாது என்றேன். கம்பெனியில் போனை எடுத்த பெண், எல்லோருக்கும் இதே ஒப்பந்தம்தான் என்றாள். அப்படியென்றால் நான் கையெழுத்துப் போடவில்லை என்றேன். வீடு வந்து சேரும்வரை, முட்டாள்தனம் செய்துவிட்டேனோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

ஆடிப்பெருக்கு அன்று அண்ணாச்சியே கூப்பிட்டார். அதே தட்டு, அதே வெற்றிலை பாக்கு. இந்தமுறை தட்டில் நான் தமிழில் எழுதிய ஒரு தாள். சாஃப்ட்வேர் என்னுடையது, லாட்ஜ் இருக்கும்வரை அதை நடத்திக்கொள்ளும் உரிமை அவருடையது, யாரும் பூட்ட முடியாது. சத்தமாகப் படித்துவிட்டு, அரை நாள் ரூம் யோசனை தன்னுடையது என்று தன் கையால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். சென்னைக் கம்பெனி அதன்பிறகு பேசவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆனால் போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில் அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் என் சாஃப்ட்வேர் மக்கர் செய்தது. போனில் "எம்மா, நின்னுபோச்சும்மா!" என்று அலறினார். மழையில் நனைந்தபடி ஓடினேன். ஈரத்தலைகளுக்கு நடுவில் நின்று, என் சோர்ஸ் கோடைத் திறந்து, தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். காலி ரூம்கள் திரையில் வரிசையாக வந்ததும் ஒரு குழந்தையின் அம்மா சாவியை வாங்கிக்கொண்டு ஓடினாள். நான் எழுதியதில் நானே கைவைக்க அன்றைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கைவிட்டுப் போன வாய்ப்பை நினைத்து மனசு கிடந்து தவிக்கும்போதெல்லாம், நான் எதை விற்காமல் வைத்துக்கொண்டேன் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சொல்கிறது.