மாமா கடையில் இலவச சோடா

நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய பார்க்டேலில் மாமா வாங்கிய சாப்பாட்டுக் கடையில், பழைய சொந்தக்காரர் கழற்றாமல் விட்டுப்போன சோடா இயந்திரம் ஒன்று இருந்தது. பளிங்கு மேசை, அதன்மேல் வளைந்த பித்தளைக் குழாய்கள், முன்னால் சுழலும் முக்காலிகள். திறந்தால் இன்னமும் சோடா வரும், காசுக்குத்தான். ரோல்ஸ் வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் அதைத் தடவிப் பார்த்து, இதன் கதை என்ன என்று கேட்டார்கள். மாமாவுக்குக் கதை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மாமாவுக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த அன்று தெருவில் போன அத்தனை பேருக்கும் இந்தக் குழாயிலிருந்து ஓரேஞ்ச் சோடா இலவசமாகக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டார். கிளாஸ் கழுவியதே தான்தான் என்பதுபோல் இருக்கும் அவர் சொல்லும் விதம்.

“இஞ்சேருங்கோப்பா, அப்ப உங்கட அப்பாவே கலியாணம் முடிக்கேல்லை” என்றார் மாமி.

“நீ சும்மா இரு. கதை கேக்கிற ஆக்கள் ரெண்டு ரோல்ஸ் கூடத் தின்னினம்.”

அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தினமும் தேநீர் குடிக்க வருவார். மாமாவின் கதையை முதல்தடவை கேட்டபோது, தனக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லையே என்று நெற்றியைச் சுருக்கினார். அடுத்த வாரம் இலேசாக ஞாபகம் வந்தது. கோடை முடிவதற்குள், தகப்பனின் தோளில் உட்கார்ந்து தானே குடித்தாராம். ஆனால் அது ஓரேஞ்ச் இல்லை, ஸ்ட்ரோபெரி. மாமா மறுபேச்சில்லாமல் ஸ்ட்ரோபெரிக்கு மாறினார். இருவரும் சேர்ந்து சொல்வதைக் கேட்டுக் கேட்டு, நான் குடிக்கவும் ஒரு போர் முடியாதா என்று எனக்கு ஏக்கமாகிவிட்டது.

ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்ன மே மாதக் காலையில், கடை நிறைய எங்கள் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. கிழவர் டை கட்டிக்கொண்டு வந்து, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்கள் போர் முடிந்துவிட்டதாமே! இன்றைக்கு எல்லோருக்கும் இலவசம்தானே?” என்று ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டார்.

மாமாவிடம் சொல்வதற்கு ஒரு கதையும் இல்லை. குழாயைத் திறந்து கிளாஸ் கிளாஸாக ஊற்றி மேசை நீளத்துக்கும் வைத்தார். கிழவர் தன்னுடையதைத் தூக்கிப் பிடித்தார். வேறு யாரும் தூக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, வாயில் வைக்காமலே கீழே வைத்தார்.

நான் என்னுடையதை ஒரே மூச்சில் முடித்து, இன்னொன்று கேட்டேன். மாமி கிள்ளக் கையை நீட்டினார்.

“விடு. பிள்ளை குடிக்கட்டும்” என்றார் மாமா.

எல்லோரும் போனபிறகு, மாமி அந்தக் கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே அழுதார். இவ்வளவு சோடாவும் வீணாகப் போகிறதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன்.

“அழாதேங்கோ மாமி, மிச்சத்தை நான் குடிக்கிறன்” என்றேன்.