மாமா சொன்ன முதல் பாதி

எனக்கு ஒன்பது வயதாவதற்குள் லண்டன் மேடைகளில் ஓடிய பழைய அமெரிக்க இசைநாடகங்களில் பாதிக்கு மேல் பார்த்துவிட்டேன். இன்னும் சரியாகச் சொன்னால், ஒவ்வொன்றிலும் பாதியைப் பார்த்துவிட்டேன். எப்போதும் பின்பாதி.

இதற்குக் காரணம் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், எங்களோடு இருந்தார். சனிக்கிழமைகளில் அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், அம்மாவுக்குச் சூப்பர் மார்க்கெட்டில் ஷிப்ட். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை மாமாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஒழுங்காக ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவார். அதுதான் அவருடைய உத்தியோகம் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். ஆகவே சனிக்கிழமைகளில் என்னைப் பார்த்துக்கொள்வது மாமாவின் பொறுப்பு. இங்கிலிஷ் தெரியாத மாமாவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

மாமா ஊரில் திருவிழா நாடகங்களில் பெண்வேடம் கட்டிப் பாடியவர். பேச்சு முற்றிப் பாட்டாக மாறும் இடம் எந்த மொழியில் வந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் டிக்கெட் வாங்க வழியில்லை. அதற்கு அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார்.

மதியக் காட்சியின் இடைவேளையில் புகை பிடிக்கிறவர்களும் காற்று வாங்குகிறவர்களும் நடைபாதைக்கு வருவார்கள். மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாக உள்ளே நெருக்குவார்கள். அப்போது டிக்கெட்டை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் நாங்களும் கலந்துகொள்வோம். மேல்மாடத்தின் கடைசி வரிசையில் எப்போதும் இடம் இருக்கும்.

“கோட்டைக் கழட்டு பிள்ளை. உள்ளுக்கிருந்து வந்த ஆக்கள் கோட்டைக் கதிரையில விட்டுட்டுத்தான் வருவினம்.”

மார்கழிக் குளிரிலும் கோட்டில்லாமல்தான் போவோம். லெஸ்டர் ஸ்கொயர் பக்கத்தில் பேப்பர்க் கடை வைத்திருந்த ஓர் ஊர்க்காரர் எங்கள் கோட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வார்.

“இண்டைக்கும் அரைப்படமோ?” என்று சிரிப்பார் அவர்.

“முதல் பாதி வெறும் அறிமுகம்தானே அண்ணை. அதுக்குப் போய்க் காசு குடுக்கிறவன் மடையன்” என்பார் மாமா.

எல்லாவற்றிலும் பெரிய ஆயுதம் என் கையில் இருந்தது: ஓர் ஐஸ்கிரீம் கப். அரங்குக்குள் விற்கும் கப்பை யாரோ எறிய, மாமா கழுவிக் காயவைத்துப் பையில் வைத்திருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு வெறும் கரண்டியை நக்கியபடி படியேறுவேன். நாங்கள் அங்கேதான் இருந்தோம் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒரு நாடகத்தை மட்டும், எனக்கு எட்டு வயதாக இருந்த குளிர்காலம் முழுக்க, திரும்பத் திரும்பப் பார்த்தோம். சின்ன அமெரிக்க ஊர் ஒன்றின் ரயில் நிலையம். நின்றுபோன கடிகாரத்தைத் திருத்த வந்த ஒருவன். அங்கே தந்தி அடிக்கும் பெண் ஒருத்தி. நாங்கள் போய் இருக்கும்போது அவன் ஊரைவிட்டுப் போயிருப்பான். முடிவுக்குச் சற்று முன் அவள் தனியாக ஒரு பெட்டியின் மேல் இருந்து நாலு வரி பாடுவாள். பாதி வரியில் நிறுத்திவிடுவாள். உடனே எங்களைச் சுற்றிக் கைப்பைகள் திறக்கும், மூக்குகள் உறிஞ்சும். மாமாவும் சட்டைக் கையால் கண்ணைத் துடைப்பார். ஆட்டமில்லை, கூட்டமில்லை, முழுப்பாட்டுக்கூட இல்லை. இதற்கு ஏன் இவ்வளவு அழுகை என்று எனக்கு விளங்கவே இல்லை.

பாட்டின் சொற்களை நான் மாமாவுக்குத் தமிழில் சொல்வேன். அதற்குக் கூலியாக, திரும்பி வரும் ரயிலில் அவர் எனக்கு முதல் பாதியைச் சொல்ல வேண்டும்.

“அவன் ஏன் மாமா அவளை விட்டுட்டு ஓடினவன்?”

“அவன் ஓடேல்ல. ஓட வேண்டி வந்தது.”

ஊருக்குள் ஆமி வந்ததாம். இளம் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். ரெண்டு கிழமையில் வந்துவிடுவேன் என்று பஸ் நிலையத்தில் அவளிடம் சொல்லிவிட்டு அவன் புறப்பட்டானாம். பிறகு ஒரு லொறியில், வெங்காய மூட்டைகளுக்குக் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லை எல்லையாகக் கடந்தானாம். பனியில் ஒரு சப்பாத்து தொலைந்துபோனதாம்.

“பழைய காலத்துக் கதை எண்டு சொன்னீங்கள். அப்ப லொறி இருந்ததோ?”

“பழைய லொறி” என்றார் மாமா, கொஞ்சமும் அசராமல்.

ஒரு சனிக்கிழமை, படியின் உச்சியில் ஒரு பெண் எங்களை மறித்தார். சிவப்புச் சீருடை, நரைத்த தலை. டிக்கெட்டைக் காட்டச் சொன்னார். மாமாவின் கை சட்டைப்பையில் இல்லாத ஒன்றைத் தேடியது. முகம் சாம்பலாகிவிட்டது. கீழே வாசலில் நின்ற காவல்காரரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். டிக்கெட் இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள், அவ்வளவுதானே, இதற்கு ஏன் மாமா இப்படி நடுங்குகிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வீடு என்றால் கோலியர்ஸ் வுட் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டிக்கெட் கோட்டுக்குள் இருக்கிறது, கோட்டு கதிரையில் இருக்கிறது என்று இங்கிலிஷில் சொன்னேன். அவர் என் கப்பை எட்டிப் பார்த்தார். அது பளபளவென்று சுத்தமாக இருந்தது. பிறகு என் உயரத்துக்குக் குனிந்து, அப்படியென்றால் முதல் பாதியில் என்ன நடந்தது, சொல்லு பார்ப்போம் என்றார்.

அதைவிட எளிதான கேள்வி உண்டா? ஒரே மூச்சில் சொன்னேன். ஆமி வந்தது, பஸ் நிலையம், ரெண்டு கிழமை, லொறி, வெங்காயம், பனி, சப்பாத்து. சப்பாத்து தொலைந்தது இடது காலில் என்றுகூடச் சொன்னேன். முடித்ததும் அவர், வெங்காயத்துக்குக் கீழேயா என்று மட்டும் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். நிமிர்ந்து மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வழியை விட்டு விலகினார்.

என் கெட்டித்தனம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று நான் வருடக்கணக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தது இந்த நாடகங்களைத்தான். ஆர்ச்வே கோயிலில் ஒரு மாமி, உந்த நாடகத்தைப் படிச்சு என்ன உத்தியோகம் என்று கேட்டார். அம்மா விடவில்லை. “வருத்தம் வந்தா உங்கட மகனிட்ட வருவம், அவர் டொக்டர்தானே. மற்ற நேரம் மனிசர் என்ன செய்யிறது?”

அந்த நாடகங்களை ஆக்கியவர்களைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்புத் தீரவில்லை. பெரும்பாலும் இரண்டு பேர்; ஒருவர் சொல்லுக்கு, ஒருவர் மெட்டுக்கு. அவர்களில் பலருடைய பெற்றோர் துரத்தப்பட்டு, மூட்டையோடு கப்பலேறி வந்தவர்கள். இங்கிலிஷ் தட்டுத்தடுமாறிய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள், அந்த நாடு தன் சொந்தப் பாட்டு என்று நம்பும் அளவுக்கு எளிமையாக எழுதினார்கள். அவர்கள் கையாண்ட உத்திகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு. முதல் பாதியில் விளையாட்டாக வந்த ஒரு பாட்டைப் பின்பாதியில் மெதுவாக, கொஞ்சமாகத் திருப்பிப் பாடவைப்பார்கள். புதிதாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முன்பு கேட்டவர்கள் கைக்குட்டை தேடுவார்கள். கேட்காதவர்களுக்கு அது வெறும் நாலு வரி.

வகுப்பில் இதைக் கேட்ட அன்று நான் பேனாவை வைத்துவிட்டேன். மாமாவும் முதல் பாதியைப் பார்த்ததில்லையே.

மாமாவுக்குப் பிறகு விசா கிடைத்தது. இப்போது வெம்பிளியில் ஒரு கடையில் நிற்கிறார். கலியாணம் கட்டவில்லை. அந்த நாடகம் போன வருடம் மறுபடி மேடைக்கு வந்தபோது, டிக்கெட் எடுத்து அவரைக் கூட்டிப்போனேன். உள்ளே வெக்கையாக இருந்தும் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றார். முதல் பாதியில் கேக் போட்டியும் ஊர்வலமும் நடனமுமாக இருந்தது. லொறியும் இல்லை, வெங்காயமும் இல்லை. இடைவேளையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நல்லாத்தான் செய்யிறாங்கள். ஆனா முதல் பாதியைப் பிழையா எழுதிப்போட்டாங்கள்” என்றார்.

அன்று, எனக்கு எட்டு வயதாக இருந்தபோது வந்த அந்தச் சனிக்கிழமை, சிவப்புச் சீருடைப் பெண் தானே வந்து எங்களைக் கடைசி வரிசையில் இருத்திவிட்டுப் போனார். அந்த நாலு வரி வந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். அவர் போகவில்லை. கதவோடு சாய்ந்து நின்று, மேடையைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் டிக்கெட் கேட்கப் போகிறார் என்று எனக்குப் பயம் வந்தது. வெறும் கப்புக்குள் கரண்டியை விட்டு, அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதுபோலச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டுக் காட்டினேன்.