பத்தரை மணிக்குத் திறந்த பக்கம்

ஊர்காவற்றுறையில், இறங்குதுறைக்குப் போகிற வீதியில், போட்டோக்கொப்பி எடுக்கிற ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஜெனீற்றா அங்கே பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். வயது நாற்பத்திமூன்று. கணவன் தர்சன் கடற்றொழிலாளி. அவன் விடிய வந்து மீனை இறக்கிவிட்டுப் படுக்கப்போகும்போது அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடை திறக்கப் புறப்படுவாள். பிள்ளைகள் இல்லை. காணி விண்ணப்பமோ கடவுச்சீட்டுப் படிவமோ, எதைக் கொடுத்தாலும் பிழையில்லாமல் தட்டச்சுச் செய்து தருவாள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

அந்தப் பெயரினால்தான் ஊர் இணையத்தளமும் அவள் கைக்கு வந்தது. பாரிஸில் இருக்கிற ஊர்ச் சங்கத்தார் தொடங்கிய தளம் அது. கோயில் பெருநாள் படங்கள், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி எல்லாம் அதில் வரும். ஆனால் சனம் உண்மையாகத் தேடி வருவது மரண அறிவித்தல்களைத்தான். ஊரில் இருப்பவர்களை விட வெளிநாட்டில் இருப்பவர்கள் மூன்று மடங்கு. ஒரு சாவு நடந்தால் அவர்களுக்கு முதலில் தெரிவது அந்தப் பக்கத்தில்தான்.

அறிவித்தல் எழுதுவது லேசான வேலை இல்லை. பிறந்த இடம், வாழ்ந்த இடம், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் சகோதரர் என்று வரிசை பிசகாமல் போக வேண்டும். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டாலும் இரண்டு குடும்பம் ஒன்றோடொன்று கதையாமல் போய்விடும். அதனால் ஜெனீற்றா செத்தவீட்டுக்கே போய், ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்து, எழுதியதை வீட்டாருக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டிய பிறகே போடுவாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் யாக்கோப்பு இறந்தபோதும் அப்படித்தான் போனாள். யாக்கோப்பு கரையில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர். காற்று எந்தப் பக்கம் மாறும் என்று கேட்க, படகு தள்ள முன் ஆட்கள் அவரிடம் போவார்கள். அவருடைய மனைவி றஞ்சனி ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல ஜெனீற்றா எழுதினாள். சகோதரர் என்ற இடம் வந்ததும் றஞ்சனி நிறுத்தினார்.

“அக்கா, டெனிஸ்ரன் அண்ணையின்ரை பேர்?” என்று ஜெனீற்றா கேட்டாள்.

“அதை விடு பிள்ளை. அவர் உயிரோடை இருக்கேக்கை சொல்லாத பேரை நான் ஏன் இப்ப சொல்ல வேணும்?”

டெனிஸ்ரன் யாக்கோப்புவின் ஒரே தம்பி. சண்டைக்காலத்தில் நோர்வேக்குப் போனவர். வடக்கே ஒரு மீன்பிடிப் பட்டினத்தில் மீன் பதனிடுகிற இடத்தில் வேலை. இவர்களுடைய தாய் இறந்தபோது அவருக்கு அங்கே இன்னும் விசா முடிவாகவில்லை; வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. அவர் வரவில்லை. அடக்கம் முடிந்த அன்று யாக்கோப்பு தொலைபேசியில், “எனக்கு இனித் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை” என்று சொல்லிவிட்டு வைத்தார். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. அண்ணன் இறந்த செய்தியையும் ஒருவரும் டெனிஸ்ரனுக்குச் சொல்லவில்லை.

ஜெனீற்றா அவர் பெயர் இல்லாமலே அறிவித்தலைப் போட்டாள்.

அடுத்த வருடம் பாரிஸ் சங்கத்தார், எத்தனை பேர் தளத்துக்கு வருகிறார்கள் என்று கணக்குக் கேட்டார்கள். இலவசமாகக் கிடைத்த ஒரு கருவியை ஜெனீற்றா தளத்தில் பொருத்தினாள். அதோடு பக்கத்தின் அடியில் விளம்பரப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. அவற்றை அவள் பெரிதாக எடுக்கவில்லை. அவளுக்குப் பிடித்தது வரைபடம். யார் வந்தாலும் அவர்கள் இருக்கிற ஊரில் ஒரு நீலப் புள்ளி விழும். எந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள், முன்பு வந்தவர்களா, புதியவர்களா என்றுகூடக் காட்டும். பின்னேரம் வீட்டுக்குப் போய், “இண்டைக்குக் கனடாவிலை முப்பத்தாறு பேர் பாத்திருக்கினம்” என்று தர்சனிடம் சொல்லுவாள். அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவையளுக்கும் வேலை இல்லைப்போலை” என்பான்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புள்ளி அவள் கண்ணில் பட்டது. நோர்வேயில், அவளுக்கு வாயில் நுழையாத பெயருள்ள ஒரு பட்டினம். ஊர் நேரம் காலை பத்தரைக்கு வரும். கோடையில் அங்கே மணிக்கூட்டை முன்னால் தள்ளி வைக்கிற மாதங்களில் ஒன்பதரைக்கு வரும். திறப்பது எப்போதும் ஒரே பக்கம், யாக்கோப்புவின் அறிவித்தல். மூன்று நான்கு நிமிடம் நிற்கும். பிறகு போய்விடும். அந்தப் பட்டினத்தில் ஊர் ஆள் ஒருவர்தான் இருந்தார்.

கண்டுகொண்ட அன்று ஜெனீற்றா அந்தப் பக்கத்தைத் திறந்து மறுபடி வாசித்தாள். அந்த அறிவித்தலை அவள்தான் தட்டச்சுச் செய்தவள். தன் பெயர் இல்லாத பட்டியலை அந்த மனிதர் தினமும் வாசிக்கிறார்.

அதன் பிறகு பத்தரை ஆனால், கடையில் ஆள் நின்றாலும் ஒருதரம் திரையைப் பார்ப்பாள். ஒரு முறை மூன்று நாள் புள்ளி வரவில்லை. அவருக்கு என்னவோ ஏதோ என்று மாதா சொரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். நாலாம் நாள் வந்தது. முகம் சரியாக நினைவில்லாத ஒருவருக்காக இப்படிக் கவலைப்படுவது அவளுக்கே வியப்பாக இருந்தது.

கடைசியில் மனதில் வைத்திருக்க முடியவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து வெளியே வரும்போது றஞ்சனியிடம் சொல்லிவிட்டாள். றஞ்சனி கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “நம்பர் இருக்கோ?” என்று மட்டும் கேட்டார்.

சங்கத்தாரிடம் கேட்டு ஜெனீற்றா நம்பரை வாங்கிக் கொடுக்க, அன்று பின்னேரமே அவர் நோர்வேக்குத் தொலைபேசி எடுத்தார். “தம்பி, நீர் ஒவ்வொரு நாளும் அவரைப் பாக்க வாறீராம். ஜெனீற்றா கொம்பியூட்டரிலை கண்டவளாம்” என்றார். மறுபக்கம் இயந்திரங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, “வேலையிலை நிக்கிறன் மச்சாள்” என்று டெனிஸ்ரன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் புள்ளி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

பதினாறாம் நாள் கடைக்கு அழைப்பு வந்தது. குரல் தணிவாக இருந்தது.

“பிள்ளை, நான் டெனிஸ்ரன். நான் வந்து போறது உமக்கு எப்பிடித் தெரியும்?”

ஜெனீற்றா தடுமாறித் தடுமாறி வரைபடத்தைப் பற்றிச் சொன்னாள்.

“அப்ப ஒரு வருசமா நீர் என்னைப் பாத்துக்கொண்டிருந்தனீர்.”

“ஓம் அண்ணை.”

“வேலைக்குப் போய் இறங்க முந்தி, காருக்குள்ளை இருந்து பாக்கிறனான். என்ரை மனுசிக்கும் அது தெரியாது. அண்ணையோடை தனிய இருக்கிறது மாதிரி. அந்த நேரம் வேறை ஆரும் இருக்கினம் எண்டு நான் நினைக்கேல்லை.”

அவர் தொடர்ந்தார்.

“இன்னொண்டும் சொல்லுறன். அந்தப் பக்கத்தைப் பாத்திட்டு வெளியாலை வந்தால், என்ரை போனிலை மலர்வளையம் விக்கிற விளம்பரம் வரும். என்ன பக்கத்துக்குப் போனாலும் பின்னாலை வரும். அண்ணைக்கு ஒரு பூ வைக்க ஏலாத எனக்கு.”

“அது எங்கடை பக்கத்தாலையோ அண்ணை வருது?”

“உம்மடை பக்கம் என்ரை போனிலை ஒரு துண்டு எழுதி வைக்குது. குக்கி எண்டுறது. அடுத்தமுறை நான் வர, அதைப் பாத்து அதே ஆள்தான் எண்டு கண்டுபிடிக்கும். விளம்பரக்காரரும் தங்கடை துண்டை அங்கை வைப்பினம். இஞ்சை எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல்லை கேப்பினம். ஓம் எண்டால் ஓம். வேண்டாம் எண்டால் வைக்கக்கூடாது.”

“எனக்கு உது தெரியாது. பிழை விட்டிட்டன் அண்ணை. அதைச் சொன்னதும் பிழை. உங்கடை பேரில்லாமல் டைப் பண்ணினதும் நான்தான்.”

“தெரியும். பேரை விடச் சொன்னது ஆர் எண்டும் தெரியும்.” என்றார் அவர். “நீர் கெட்ட எண்ணத்திலை ஒண்டும் செய்யேல்லை. ஆனா என்னட்டைக் கேக்கேல்லை.”

அந்தச் சொல் ஜெனீற்றாவை விட்டுப் போகவில்லை. அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் தளத்தின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். தளத்துக்கு வருகிறவருடைய போனில் ஏழு குக்கிகள் வைக்கப்படுவதைக் கண்டாள். அவற்றில் ஒன்றுதான் சனத்துக்குப் பயன்படுவது. வாசிக்கிறவர் எழுத்தைப் பெரிதாக்கினால் அடுத்த முறையும் அப்படியே காட்டுகிற குக்கி அது. ஒன்று ஆட்களை எண்ணுவது. மிச்சம் ஐந்தும் விளம்பரக்காரருடையவை. அந்த ஐந்தையும் பெட்டிகளோடு சேர்த்துக் கழற்றினாள். ஊர்ப் பெயர் காட்டும் வரைபடத்தை நிறுத்தினாள். சங்கத்திலிருந்து ஒருவர் எடுத்து, “உதையெல்லாம் ஆர் பாக்கினம் தங்கச்சி?” என்று கேட்டார். “நான் பாத்தனான் அண்ணை. அதுதான் நிப்பாட்டுறன்” என்றாள்.

சம்மதம் கேட்கிற அறிவித்தல் ஒன்று ஆயத்தமாகத் தமிழில் கிடைத்தது. அவள் வாசித்துப் பார்த்தாள். ஒரு வரியும் விளங்கவில்லை. தானே எழுதினாள்.

“வணக்கம். நீங்கள் எழுத்தைப் பெரிதாக்கினால் அதை நினைவில் வைக்க, உங்கள் போனில் ஒரு சிறு குறிப்பை வைப்போம். எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ண இன்னொரு குறிப்பு உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் அதை வைக்கமாட்டோம். வேண்டாம் என்றாலும் எல்லாவற்றையும் வாசிக்கலாம். பிறகு மனம் மாறினால், பக்கத்தின் அடியில் உள்ள ‘என் விருப்பம்’ என்பதை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். மரண அறிவித்தல் பக்கங்களில் நாங்கள் எவரையும் எண்ணுவதில்லை.”

கீழே இரண்டு பொத்தான்கள். “ஓம்”, “வேண்டாம்”. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம்.

போட முன் யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த நேரம் றஞ்சனி கடைக்குள் வந்தார். கையில் ஒரு பழைய போன். யாக்கோப்புவினுடையது. அதை இன்னும் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறார் என்பது ஜெனீற்றாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

முதலில் அவள் எழுதியதை வாசித்தாள். றஞ்சனி கவனமாகக் கேட்டார்.

“வேண்டாம் எண்டால் கோவிக்கமாட்டியளோ?”

“இல்லை அக்கா. ஏன் கோவிக்கிறது?”

“அப்ப அதையும் எழுது.”

ஜெனீற்றா ஒரு வரி சேர்த்தாள். பிறகு றஞ்சனி போனை மேசையில் வைத்தார்.

“அவர் காத்து, மழை பாக்கிறது இதிலைதான். இண்டைக்குச் சும்மா திறந்து பாத்தனான். முதல்லை எங்கடை இடம் இருக்கு. கீழை இன்னொண்டு இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியேல்லை. இது எந்த இடம் பிள்ளை?”

கடலுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கிற காலநிலைச் செயலி. காற்றின் வேகம், திசை, மழை எல்லாம் காட்டும். விருப்பமான இடங்களைச் சேர்த்து வைத்தால் அது மறக்காது. மேலே ஊர்காவற்றுறை. அதற்குக் கீழே, ஜெனீற்றா ஒரு வருடமாக வரைபடத்தில் பார்த்த அதே பெயர்.

“அக்கா, அது டெனிஸ்ரன் அண்ணையின்ரை ஊர்.”

றஞ்சனி கதிரையில் இருந்தார். வெளியே யாழ்ப்பாண பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அவர் சேலைத் தலைப்பால் போனின் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“என்னட்டை ஒரு சொல்லும் சொல்லேல்லை,” என்றார். “அங்கை குளிரோ மழையோ எண்டு தனியப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.”

போனை மேசையில் வைத்து, “அறிவித்தலிலை அவன்ரை பேரைப் போடு” என்றார்.

ஜெனீற்றாவின் கை விசைப்பலகைக்குப் போய் நின்றது. “அவரிட்டைக் கேட்டுப்போட்டுப் போடுவம் அக்கா.”

அவள்தான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னாள். “அண்ணைக்கு விருப்பமோ தெரியாதே,” என்றார் டெனிஸ்ரன்.

றஞ்சனி போனை வாங்கினார். காலநிலைச் செயலியைப் பற்றிச் சொன்னார்.

“தம்பி, லைனிலை நிக்கிறீரோ?”

“ஓம் மச்சாள்.” பிறகு, “பேரைப் போடுங்கோ. இஞ்சை இண்டைக்கு மழை” என்றார்.

“தெரியும். போனிலை காட்டுது.”

அன்று மாலை அறிவித்தலில் ஒரு வரி கூடியது: டெனிஸ்ரன் (நோர்வே) அவர்களின் அன்புச் சகோதரரும். முன்பு போல மூன்று தரம் வாசித்துக் காட்டினாள், இம்முறை போனில் நின்ற டெனிஸ்ரனுக்கும்.

சம்மதம் கேட்கிற அறிவித்தல் வந்த முதல் மாதத்தில் பெரும்பாலானோர் “வேண்டாம்” என்பதையே அழுத்தியிருக்க வேண்டும், எண்ணிக்கை அவ்வளவு குறைந்தது. எத்தனை பேர் வந்தார்கள் என்று சங்கத்தாருக்கு ஒரு குத்துமதிப்புத்தான் சொல்ல முடிந்தது. டெனிஸ்ரன் இப்போதும் காருக்குள் இருந்து அந்தப் பக்கத்தைத் திறக்கிறாரா என்று ஜெனீற்றாவுக்குத் தெரியாது. அவரோடு கதைக்கும்போது கேட்கவுமில்லை. ஞாயிறு பூசை முடிந்து றஞ்சனி வீட்டுக்கு வந்ததும் அவர் எடுப்பார் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். இருவரும் கதைக்கிற சத்தம் வேலிக்கு வெளியேயும் கேட்கும்.

ஆடி மாதம், சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், தலை நரைத்த ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். கடவுச்சீட்டைக் கொப்பி எடுக்க வந்தவர் என்று நினைத்து ஜெனீற்றா கையை நீட்டினாள்.

“நான் டெனிஸ்ரன்,” என்றார் அவர்.

அவள் எழும்பி நின்றாள். அவர் கையில் வீதியோரக் கடையில் வாங்கிய மெழுகுதிரிப் பெட்டி ஒன்று இருந்தது.

“மச்சாள் சேமக்காலையிலை, அண்ணையின்ரை கல்லறையடியிலை நிக்கிறா. நான் இப்பதான் அங்கை போறன்.”

“போங்கோ அண்ணை. ஒருத்தரும் குழப்பமாட்டினம். இந்த வீதியாலை போய், கோயிலுக்குப் பின்னாலை.”

“வழி தெரியும்.” அவர் போகவில்லை. “நீரும் வாருமன், பிள்ளை.”

ஜெனீற்றா இயந்திரத்தை நிறுத்தினாள். கடைக் கதவைச் சாத்திப் பூட்டி, திறப்பைப் பைக்குள் போட்டாள். காற்றில் சேலை அடித்தது. அவர் மெழுகுதிரிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் போனாள்.